குழம்பைத் தாங்குமா? டர்பன் கடைகளில் விற்கும் தானியமில்லா பிரெட் கலவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பெரிய அங்காடி எதற்குள் நுழைந்தாலும், கேக் மாவும் சோள மாவும் அடுக்கியிருக்கும் வரிசைக்குச் சற்றுத் தள்ளி, 'பாண்டிங்', 'கீட்டோ' (இரண்டும் மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறைகள்), 'கிரெயின் ஃப்ரீ' (தானியமில்லாதது) என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பழுப்புக் காகிதப் பொட்டலங்களுக்கென்று தனி அலமாரி இருப்பதைக் காணலாம். அவற்றுள் ஒன்றைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன்: முட்டை, எண்ணெய், தண்ணீர் சேர்த்துக் கலந்து ஓவனில் வைத்தால் ஒரு பிரெட் கிடைக்கும் என்று சொல்லி விற்கப்படும், கோதுமையோ வேறெந்தத் தானியமோ சேராத மாவுக் கலவை. இதைச் சிறிய உள்ளூர் தயாரிப்பாளர்கள் பலர் விற்கிறார்கள். பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படித்தால் இரண்டு வகைகளுக்குள் எல்லாம் அடங்கிவிடுவதால், நான் வாங்கியதன் பெயரைச் சொல்வதைவிட அதன் தன்மையைச் சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

இந்த நாட்டில் இப்படி ஓர் அலமாரி உருவானதற்குக் கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டிம் நோக்ஸ் ஒரு முக்கியக் காரணம். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டச் சொன்ன அவர்மீது 2014இல் எழுந்த புகாரும், மருத்துவ ஒழுங்குமுறைக் குழுவின் நீண்ட விசாரணையும், 2017இல் அவருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பும் செய்தித்தாள்களில் ஓயாமல் அடிபட்டதில், பாதாம் மாவு என்றால் என்ன என்று கேட்டவர்கள்கூட அதை வாங்கத் தொடங்கினார்கள். நம் மக்களிடையே சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால், டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இந்தப் பொட்டலங்கள் விலை போவதில் வியப்பில்லை. விலைதான் வியப்பு. ஒரே ஒரு பிரெட்டுக்கான கலவையின் பணத்தில் பல பிரவுன் பிரெட்டுகளை வாங்கிவிடலாம். போதாக்குறைக்கு, பிரவுன் பிரெட்டுக்கும், 2019 ஏப்ரல் முதல் கேக் மாவுக்கும் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. பாதாம் மாவுக்கும் இந்தக் கலவைக்கும் 15 சதவீத வரி உண்டு.

வாங்குவதற்குமுன் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஏனெனில் முன்பக்கத்தில் ஒரே வாசகத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு பொட்டலங்களுக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவையாக இருக்கக்கூடும். ஒரு வகையில் பாதாம் மாவு, தேங்காய் மாவு, ஆளி விதைத் தூள், சைலியம் ஆகியவை இருக்கும். இவற்றில் மாவுச்சத்து குறைவு, கொழுப்பும் நார்ச்சத்தும் அதிகம். இன்னொரு வகையில் முதலிடத்தில் இருப்பது மரவள்ளி ஸ்டார்ச்சோ உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோதான். மரவள்ளி தானியமன்று என்பதால் 'தானியமில்லாதது' என்ற வாசகம் பொய்யாகாது. ஆனால் ஜவ்வரிசி செய்யப்படும் அதே மாவு அது, ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து. இரத்தச் சர்க்கரையைக் கருதிக் கோதுமை பிரெட்டை விட்டவர் அதற்குப் பதிலாக இதை உண்டால், கூடுதல் பணம் கொடுத்து அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார் என்றே பொருள். கோதுமைப் புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த இரண்டாம் வகையால் தீங்கில்லை. இழுவையும் மென்மையும் இதில்தான் கூடுதலாகக் கிடைக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

நான் வாங்கியது முதல் வகை. பட்டியலில் பாதாம் மாவு, தேங்காய் மாவு, சைலியம், சூரியகாந்தி விதைத் தூள், பேக்கிங் பவுடர், உப்பு ஆகியவை இருந்தன. சைலியம் என்று அவர்கள் அச்சிட்டிருப்பது, மலச்சிக்கலுக்கு நம் வீடுகளில் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் இசப்கோல் உமியேதான். இந்தக் கலவையின் உயிர் அதில்தான் இருக்கிறது. கோதுமை மாவைப் பிசையும்போது உருவாகும் குளூட்டன் வலைதான் காற்றைப் பிடித்துவைத்து பிரெட்டை உப்பச் செய்கிறது. பாதாமுக்கோ தேங்காய்க்கோ அந்தத் திறன் இல்லை. இசப்கோல் தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. மீதியை முட்டையின் புரதம் பார்த்துக்கொள்கிறது. பேக்கிங் பவுடரைப் பற்றியும் ஒரு சொல்: பெரும்பாலான பேக்கிங் பவுடர்களில் ஈரத்தை இழுத்துக்கொள்வதற்காகச் சோள ஸ்டார்ச் சேர்க்கப்படுவது வழக்கம். தானியத்தை அறவே விலக்கியவர்கள், கலவையில் போட்டிருக்கும் பேக்கிங் பவுடரின் உட்பொருட்களையும் தனியே அச்சிட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். என் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கவில்லை.

செய்முறை எளிது, பிசைய வேண்டியதே இல்லை. கலக்கிய மாவு முதலில் நீர்த்திருப்பதுபோலத் தோன்றினாலும், பத்து நிமிடங்கள் விட்டுவைத்தால் இட்லி மாவைவிடக் கெட்டியாகவும் வடை மாவைவிடத் தளர்வாகவும் ஒரு பதத்துக்கு வந்துவிடும். இந்தப் பத்து நிமிடக் காத்திருப்பைப் பற்றிப் பொட்டலத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது என் முதற்குறை. உடனே டின்னில் ஊற்றினால் இசப்கோல் முழுவதும் ஊறாமல் அடியில் ஈரப்பட்டை விழுகிறது. இரண்டாவது குறை இதைவிடப் பெரியது: 180 டிகிரி செல்சியஸில் 45 நிமிடங்கள் போதும் என்று எழுதியிருக்கிறார்கள்; அது போதாது. பாதாம் மாவு விரைவில் சிவந்துவிடுவதால் மேற்புறம் அழகாகப் பழுப்பேறிப் பார்வைக்கு வெந்ததுபோல் நிற்கும். நடுப்பகுதியோ இன்னும் பிசினாகவே இருக்கும். மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி ஒரு மணி நேரத்துக்குமேல் விட வேண்டும். சமையல் வெப்பமானி இருப்பவர்கள் நடுவில் செருகி 96 டிகிரியைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுப்பது நல்லது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டு ஓவனை ஏற்றுவது இந்நாட்டில் நாம் கற்றுக்கொண்ட பழக்கம். பாதியில் மின்சாரம் போனால் கோதுமை மாவையாவது காப்பாற்றலாம், இதைக் காப்பாற்ற வழியில்லை.

சூடாக இருக்கும்போது வெட்டக் கூடாது. வெட்டினால் கத்தியின் இருபுறமும் சாம்பல் நிறக் கூழ் ஒட்டிக்கொண்டு வரும், துண்டின் ஓரமும் கிழியும். முழுக்க ஆறியபின் அதே பிரெட் கத்திக்கு நன்றாகப் பணிகிறது. அரை அங்குலத் துண்டுகள் சிதறாமல் வருகின்றன. உள்ளே துளைகள் சிறியவை, நெருக்கமானவை. விரலால் அழுத்தினால் மெல்ல எழும்பி வருகிறது. நிறத்தைக் கண்டு சிலர் தயங்கலாம். இசப்கோலின் தரத்தைப் பொறுத்து பிரெட் இலேசான ஊதா நிறம் கொள்வதுண்டு. சூரியகாந்தி விதை சேர்ந்த கலவையில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: அவ்விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தன்மையோடு சேர்ந்து, ஆறும் நேரத்தில் உட்புறத்தைப் பச்சையாக்கிவிடும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று எண்ணி யாரும் குப்பையில் போட வேண்டாம். கலக்கும்போது ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் பச்சை பெரும்பாலும் குறையும்.

சுவையில் இதைக் கோதுமை பிரெட்டோடு ஒப்பிடுவது இரண்டுக்குமே அநியாயம். வாட்டாமல் தின்றால் ஈரமாகவும் சற்றுக் கனமாகவும் தேங்காயின் மெல்லிய இனிப்போடும் இருக்கிறது. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. டோஸ்ட் செய்தால் நிலைமை தலைகீழ். ஓரங்கள் மொறுமொறுப்பாகி, பாதாமின் எண்ணெய் மணத்துடன், வெண்ணெயும் காரமான முட்டைப் பொரியலும் வைத்துச் சாப்பிடத் தகுந்த நல்ல காலை உணவாகிறது. இரண்டு துண்டுகளுக்குமேல் சாப்பிட முடிவதில்லை, அவ்வளவு வயிறு நிறைகிறது.

டர்பன்காரர் ஒருவர் பிரெட்டைப் பற்றி எழுதிவிட்டுக் குழம்பைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. வெள்ளை பிரெட்டின் உட்புறத்தைக் குடைந்தெடுத்து அதில் கறியை நிரப்பும் பன்னி சௌ இந்த ஊரின் கண்டுபிடிப்பு. அதன் வெற்றி முழுவதும், உட்சுவர் குழம்பை உறிஞ்சிக்கொண்டே வெளிப்புறத் தோல் உடையாமல் நிற்பதில்தான் இருக்கிறது. இந்தத் தானியமில்லா பிரெட்டைக் கால் பங்காக வெட்டிக் குடைந்து பீன்ஸ் கறியை ஊற்றிப் பார்த்தேன். முதல் சில நிமிடங்கள் நம்பிக்கையாகவே இருந்தது. பிறகு இசப்கோல் தன் இயல்பைக் காட்டத் தொடங்கியது: குழம்பின் நீரை மீண்டும் உறிஞ்சி உட்சுவர் வழவழப்பாயிற்று, அடிப்பகுதி இளகியது, தூக்கியபோது மூலை பிய்ந்து தட்டில் குழம்பு பரவியது. குடைந்த பிரெட்டை ஓவனில் பத்து நிமிடங்கள் உலர வைத்துவிட்டு, குழம்பைச் சுண்டவைத்த ஆட்டுக்கறியை நிரப்பினால் ஓரளவு தாங்குகிறது. ஆனாலும் கையால் பிய்த்துத் தோய்த்துத் தின்னும் இன்பம் வரவில்லை. டோஸ்ட் செய்து கறியின் பக்கத்தில் வைத்துக்கொள்வதே இதற்கு ஏற்ற வழி.

கலவைக்குக் கொடுக்கும் பணம் நியாயமா என்றால், என் கருத்தில் ஒருமுறைக்கு மட்டும்தான் நியாயம். எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வாங்கலாம். அதன்பின் உட்பொருட்களைத் தனித்தனியே வாங்குவதுதான் அறிவுடைமை, ஏனென்றால் அவற்றில் பாதி நம் இந்திய மளிகைக் கடைகளிலேயே கிடைப்பவை. பாதாம் மாவு 200 கிராம், தேங்காய் மாவு 40 கிராம், இசப்கோல் தூள் 40 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, முட்டை நான்கு, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 300 மில்லி: இந்த அளவில் சிறிய டின் ஒன்றுக்குப் போதுமான மாவு வரும். தேங்காய் மாவு தண்ணீரைக் கடுமையாக இழுக்கும் என்பதால் அதன் அளவைக் கூட்டிப் பாதாமைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்த நினைத்தால், பிரெட் உதிரியாகிவிடும். பாதாம் இறக்குமதிச் சரக்கு. மக்கடேமியாவோ இந்த நாட்டிலேயே பெருமளவில் விளைகிறது. அதன் மாவு கைக்கெட்டும் விலையில் கிடைக்கும்போது பாதாமில் பாதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம், ஆனால் எண்ணெய்ப்பசை கூடுதல் என்பதால் தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

புரட்டாசியில் இந்தக் கலவைகள் நம்மைக் கைவிட்டுவிடுகின்றன. விரதம் இருப்பவர்கள் முட்டையைத் தொடுவதில்லை. முட்டை இல்லாமல் செய்யும் முறையைப் பொட்டலம் சொல்வதில்லை. அந்த மாதத்துக்குக் கடலை மாவே துணை. மூன்று பங்கு கடலை மாவை வெறும் வாணலியில் பச்சை வாசனை போகும்வரை இலேசாக வறுத்து, ஒரு பங்கு மரவள்ளி ஸ்டார்ச்சும் இசப்கோலும் சேர்த்து, முழு பிரெட்டாக அல்லாமல் சிறிய பன்களாகத் தட்டிச் சுட்டால் நடு வரை வேகும். சோம்போ நறுக்கிய பச்சை மிளகாயோ சேர்த்தால், கடலை மாவில் பொரிக்கும் பக்கோடாவான சில்லி பைட்ஸின் நினைவு வரும். இதிலும் மாவுச்சத்து உண்டு என்பதைச் சர்க்கரை நோயாளிகள் கணக்கில் கொள்ள வேண்டும். ஏகாதசிக்கு இது உதவாது. அன்று தானியத்தோடு பருப்பு வகையையும் விலக்குபவர்களுக்குக் கடலை மாவும் ஆகாது.

டர்பனின் ஈரக் காற்றில் இந்த பிரெட்டை மேசைமேல் வைத்தால் விரைவிலேயே பூஞ்சை பிடிக்கும், உள்ளே ஈரம் அவ்வளவு அதிகம். ஆறியவுடன் துண்டு போட்டு, இடையிடையே காகிதம் வைத்து உறைபெட்டியில் வைத்துவிட்டு, வேண்டியபோது நேரே டோஸ்டரில் போடுவதே சரி. வீட்டில் கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் பாதாம் கலவையை வாங்கவே வேண்டாம். தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இசப்கோல் சில மருந்துகளை உடல் உறிஞ்சுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், மாத்திரையோடு சேர்த்து இந்த பிரெட்டைச் சாப்பிடாமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுவது நல்லது, எந்த மருந்துக்கு எவ்வளவு இடைவெளி என்பதை மருந்தாளுநரிடமே கேட்டுக்கொள்ளலாம்.