கன்னத்து மருவுக்குப் போன தோல் கிளினிக்

நாற்பதைத் தாண்டியதும் கன்னத்திலும் கண்ணோரத்திலும் கடுகு சைஸில் கறுப்பாக ஏதேதோ முளைக்க ஆரம்பித்தன, மச்சமும் இல்லை, பருவும் இல்லை. எங்கள் ஏரியா தோல் கிளினிக் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்து, இது டெர்மடோசிஸ் பாபுலோசா நைக்ரா, மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் சகஜம், பெரும்பாலும் பரம்பரையாக வருவது, எடுக்காமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது என்று நேராகவே சொன்னார். (அம்மா முகத்திலும் இதேதான்!) கழுத்தில் இருந்த மருக்களைப் பார்த்ததும், சர்க்கரை இருந்தாலும் இப்படி வரலாம் என்று சர்க்கரை டெஸ்டும் எழுதிக் கொடுத்தார், அது எனக்குப் பிடித்திருந்தது.

மரத்துப்போகும் கிரீம் பூசி உட்கார வைத்து, அப்புறம் மின்சார ஊசியால் சுட்டார்கள்; சுருக் சுருக்கென்றது, கருகல் வாடை வேறு. நம் நிறத்துக்கு ஆழமாகச் சுட்டால் தழும்போ வெள்ளைத் திட்டோ விழலாம் என்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்க மறுத்துவிட்டார். சன்ஸ்கிரீன் கட்டாயம். புதிதாக முளைக்காது என்ற உத்தரவாதமெல்லாம் இல்லை.

ரிசப்ஷன்தான் எரிச்சல். அப்பாயின்ட்மென்ட் வாங்கியும் காக்க வைக்கிறார்கள், பில் போடும்போது டாக்டர் எழுதாத ஃபேஸ்வாஷைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். சரி, டாக்டருக்காகப் போகலாம். ஆன்லைனில் விற்கிற மரு நீக்கும் ஆசிடை மட்டும் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள்; வேகமாக வளர்கிற, ரத்தம் கசிகிற, நிறம் மாறுகிற கட்டி என்றால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.