நியூரம்பெர்க்கா, ஸ்ட்ராஸ்பர்க்கா?

ஒரே ஒரு கிறிஸ்துமஸ் சந்தைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஜெர்மனியின் நியூரம்பெர்க்கைத்தான் சொல்வேன்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் சந்தையும் சாதாரணமானதல்ல, 1570-லேயே தொடங்கியது. ஆனால் ஊரின் பல சதுக்கங்களில் பரவிக் கிடக்கிறது. கிளேபர் சதுக்கத்தின் பிரம்மாண்ட மரம், 142 மீட்டர் உயரப் பேராலயம், அப்புறம் சூடான வெள்ளை ஒயின் என்று நடந்துகொண்டே இருக்க வேண்டும். வார இறுதியில் சந்துகளில் நகரவே முடியாது. பாரிஸில் தங்குபவர்களுக்கு இதுதான் வசதி. அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

நியூரம்பெர்க்கில் பெரும்பாலான கடைகள் ஒரே சதுக்கத்தில். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக் கூரைகள், பின்னால் பழைய தேவாலயம். விரல் நீள சாசேஜ் மூன்றைச் சுட்டு, ஒரு பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். எனக்குப் பிடித்தவை உலர்ந்த பிளம் பழ பொம்மைகள். பழங்களைக் கம்பியில் கோத்துக் கைகால் செய்து, வால்நட்டைத் தலையாக வைத்து முகம் வரைந்து, துணி உடுத்தியிருப்பார்கள். ஒன்றின் முகம் போல இன்னொன்று இருக்காது. நிதானமாக நின்று பாருங்கள்.

ஒயின் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். டிசம்பர் 24-ம் தேதியோடு சந்தை முடிந்துவிடும். அதற்கு முன்பே, வார நாளில் போங்கள்.