ஈலியா, பீட்டர்பரோவா? ஒரு பேராலயத்துக்குத்தான் நேரம் என்றால்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் நகரின் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தோடு திரும்பிவிடுகிறார்கள். 1515இல் முடிந்த அதன் விசிறிக் கூரையில் (விசிறி போலக் கல் விலாக்கள் விரியும் கூரை) குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அது ஒரே நீளக் கூடம், ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். அரை நாள் நின்று பார்க்க அந்த மாவட்டத்தில் இருப்பவை ஈலி, பீட்டர்பரோ என்ற இரண்டு பேராலயங்கள்தான். (பீட்டர்பரோ 1974இல்தான் இந்த மாவட்டத்தோடு சேர்ந்தது. உள்ளூர்க்காரரிடம் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள்.) இரண்டில் ஒன்று என்றால் ஈலிக்கே போங்கள்.

இரண்டுமே பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடங்களாக இருந்தவை. நார்மானியர் காலத்தில் எழுந்தவை. பார்னக் என்ற ஊரில் வெட்டிய அதே சுண்ணாம்புக்கல்தான் இரண்டுக்கும். கல் குவாரி பீட்டர்பரோ மடத்தின் கையில் இருந்தது. பக்கத்து ராம்சி மடம் கல்லுக்கு விலையாக ஆண்டுக்கு 4,000 விலாங்கு மீன் கொடுத்தது. சுற்றிலும் சதுப்பு நிலம், காசைவிட விலாங்கு கையில் அதிகம். ஈலி என்ற பெயரே விலாங்கிலிருந்து வந்ததுதான்.

செலவுக் கணக்கில் பீட்டர்பரோ ஜெயிக்கிறது. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, உண்டியலில் போடுவது உங்கள் விருப்பம். ஈலியில் உள்ளே போக ஒரு சீட்டு, மேலே ஏற இன்னொரு சீட்டு. மாலை வழிபாட்டுக்குப் போவதானால் இரண்டிலுமே காசில்லை, ஆனால் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம், சுற்றிப் பார்க்க முடியாது.

பீட்டர்பரோவின் பலம் அதன் முகப்பு. ஆளை விழுங்குகிற மாதிரி மூன்று பெரிய வளைவுகள், அவற்றில் நடுவில் இருப்பதுதான் குறுகியது. வேறெங்கும் நடுவளைவைத்தான் அகலமாக வைப்பார்கள். முகப்பு மேற்கே பார்த்திருப்பதால் காலையில் நிழலில் கிடக்கும், பிற்பகல் வெயிலில்தான் செதுக்கல் தெளியும். உள்ளே நடுக்கூடத்துக்கு மேலே 13ஆம் நூற்றாண்டின் மரக்கூரை, சாய்சதுரக் கட்டங்களில் ஓவியங்களோடு அப்படியே இருக்கிறது. ஆட்டின் மேல் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சவாரி செய்யும் குரங்கைத் தேடிப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு அகப்படாது, சிறிய பைனாகுலர் இல்லாமல் போனால் பாதிக் கூரை வீண். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரின் 1536இல் இங்கே அடக்கமானார். அவரது சின்னமான மாதுளம்பழத்தை இன்றும் கல்லறைமேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஸ்காட்லாந்து அரசி மேரியும் 1587இல் இங்கேதான் புதைக்கப்பட்டார், 1612இல் மகன் அவரது உடலை லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்கு எடுத்துப் போய்விட்டார். கிழக்குக் கோடியின் விசிறிக் கூரை ஜான் வாஸ்டெல் கைவண்ணம் என்று கருதப்படுகிறது. கிங்ஸ் கூரையை முடித்தவரும் அவரே, எனவே அதைப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு இது ஒரு மாற்று.

இவை அனைத்தையும் தரையில் நின்று பார்க்கிறோம். ஈலியில் கட்டடத்துக்குள்ளேயே ஏறிப் போகலாம். என் தராசு சாய்வது இந்த இடத்தில்தான்.

1322 பிப்ரவரியில் ஈலியின் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. முந்தைய ஆண்டு பக்கத்தில் மரியன்னை சிற்றாலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டியது ஈர மண்ணை இளக்கியிருக்கும் என்பது பலரின் சந்தேகம். கோபுரம் நின்ற நான்கு தூண்களை மறுபடி எழுப்பாமல், மடத்துப் பொறுப்பாளர் ஆலன் எட்டு மூலை கொண்ட எண்கோணமாக இடத்தை விரித்தார். ஏறக்குறைய 22 மீட்டர் அகலம் வந்தது. அவ்வளவு அகலத்துக்குக் கல் கூரை போட்டால் பாரம் தாங்காது. அதனால் அரசரின் தச்சர் வில்லியம் ஹர்லி மரத்தில் இறங்கினார். சுமார் 19 மீட்டர் நீளமுள்ள எட்டு ஓக் கம்பங்களை நிறுத்தி, அவற்றைச் சுற்றி விளக்குக்கூண்டு போல ஒரு கோபுரம். கீழிருந்து பார்த்தால் அது அந்தரத்தில் தொங்கும், மரம் என்றே தோன்றாது. தாங்கும் சாய்மரங்களெல்லாம் கூரைக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன.

மறைந்திருப்பதைப் பார்க்கத்தான் மேலே போக வேண்டும். 170 படிகள், வழிகாட்டியோடு மட்டும். கூரைக்கு உள்ளே போனதும் கோடரி வெட்டுத் தெரிகிற உத்தரங்களுக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். எந்தப் பாரம் எந்தக் கல்லுக்கு இறங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். பிறகு தேவதூதர் படம் தீட்டிய பலகைகளைக் கதவு போலத் திறந்து கீழே எட்டிப் பார்க்கச் செய்வார்கள். உயரம் ஆகாதவர்கள் இந்த இடத்தில் பின்வாங்கிவிடுங்கள். படிகள் குறுகிய திருகுப் படிகள், முதுகுப் பையோடு திரும்புவதே பாடு. தட்டையான செருப்பு வேண்டும்.

இதில் தவறு நடப்பது ஒரே வகையில்தான். மதியம் மூன்று மணிக்கு வந்து இறங்கி, சீட்டு இல்லை என்று தெரிந்துகொள்வது. வழிகாட்டிச் சுற்று குறித்த நேரங்களில் மட்டும், ஆட்கள் அளவோடு. எனவே முந்தைய நாளே அன்றைய நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள், கச்சேரியோ பட்டமளிப்போ இருந்தால் போகும் தேதியை மாற்றுங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் மேலே ஏறும் சீட்டு, மற்றதெல்லாம் அதற்கு இடையில். 288 படி மேற்குக் கோபுரமும் உண்டு. தட்டையான வயல்வெளி தெரியும், அவ்வளவே. ஒன்றுக்குத்தான் கால் வலு இருந்தால் எண்கோணத்தை எடுங்கள். பீட்டர்பரோவிலும் சில நாட்களில் கோபுரச் சுற்று நடக்கிறது, ஆனால் அதன் நடுக்கோபுரம் 1880களில் பிரித்துத் திரும்பக் கட்டியது.

காத்திருக்கும் நேரத்துக்கு மரியன்னை சிற்றாலயம் சரி. 16ஆம் நூற்றாண்டின் மதச் சீர்திருத்தக் காலத்தில் தலை உடைத்த சிலைகள் சுவர் முழுக்க அப்படியே நிற்கின்றன. வண்ணக் கண்ணாடிகளும் அப்போது போனதால் வெளிச்சம் வெள்ளையாக விழுகிறது. கைதட்டினால் எதிரொலி பல நொடிகள் தேயாமல் சுற்றும்.

இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் காலையில் ஈலி, பிற்பகலில் பீட்டர்பரோ என்று வையுங்கள், முகப்புக்கு வெயிலும் கிடைக்கும். நேரடி ரயிலில் அரை மணிக்குச் சற்று மேல். வழியில் மார்ச் என்ற ஊரில் செயின்ட் வெண்ட்ரெடா ஆலயம், கூரை முழுக்கச் சிறகு விரித்த மர தேவதூதர்கள், நூற்றுக்கு மேல். நிலையத்திலிருந்து ஊரின் தெற்குக் கோடிக்கு அரை மணி நடை. கதவு திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளாமல் ரயிலைவிட்டு இறங்காதீர்கள்.