கெந்திங் கேசினோவில் மலிவு பியர், பெரிய திரையில் காற்பந்து: முன்பணம் கட்டாதீர்கள்

சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு. கெந்திங் மலைக்கு வேன் விடுகிறேன், கேசினோவில் காற்பந்து பார்க்கலாம், பியர் தண்ணீராய் ஓடும் என்று வாட்சப்பில் ஒருவர் மறுபடியும் ஆள் சேர்க்கிறார். 2026 உலகக் கிண்ண இறுதியாட்டம் நமக்கு ஜூலை 20 விடியற்காலை 3 மணிக்கு. அதற்கு இப்போதே முன்பணமாம். பெயர் போடவில்லை, ஊரில் விசாரித்தால் சொல்வார்கள்.

2022 இறுதியாட்டத்துக்கு இவர் வேனில் நானும் மச்சானும் மச்சான் மகனும் போனோம். தலைக்கு 180 வெள்ளி, வேன்காரர் தன் சொந்தக் கணக்கில் போடச் சொன்னார். டிசம்பர் 18, ஆட்டம் இரவு 11 மணிக்கு. மாலையில் வர வேண்டிய வேன் எட்டரைக்கு வந்தது. இரண்டு நாள் முன்புதான் பத்தாங் காலி நிலச்சரிவு. 31 உயிர் போன சம்பவம். கெந்திங் போகும் அந்தச் சாலை மூடியிருந்தது நாட்டுக்கே தெரியும். இவரோ நேராக அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினார். போலீஸ் திருப்பி அனுப்ப, கோலாலம்பூர் சுற்றி, காராக் நெடுஞ்சாலையில் பள்ளி விடுமுறை நெரிசலில் மாட்டிக்கொண்டோம். எம்பாப்பே 80-வது, 81-வது நிமிடங்களில் அடித்த இரண்டு கோலையும் மலையேறும் வேனுக்குள் கைப்பேசியில், படம் நின்று நின்று ஓட, பார்த்த பாக்கியவான்கள் நாங்கள்.

கேசினோ வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். பையனுக்கு 20 வயது, உள்ளே போக 21 ஆக வேண்டும். பணம் வாங்கும்போது இதை ஏன் சொல்லவில்லை என்றால், "அது எனக்கெப்படித் தெரியும் அண்ணே" என்கிறார். வருஷக்கணக்காக ஆள் ஏற்றும் மனுஷன்! அவனைத் தனியாக விட முடியுமா? பினால்டியை ஓர் உணவகத்துக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம்.

சரி, மலிவு பியர்? லாஸ் வேகஸில் சூதாடுகிறவனை எழுந்து போகவிடாமல் வைக்க மதுவை இலவசமாக ஊற்றுவார்கள். அந்தக் கதையைத்தான் இவர் இங்கே விற்கிறார். நம் மலையில் சாதாரண ஆளுக்கு அப்படி யாரும் ஊற்றுவதில்லை. குடித்தால் மலை விலைதான்.

அவர் சொன்ன மலிவுச் சரக்கு வேனில் இருந்தது. ஐஸ் பெட்டியில் பியர் டின்கள், அடியில் விஸ்கி என்று இரண்டு போத்தல். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சுங்கத்துறை வரி முத்திரை இல்லை. லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது, ஓரத்தில் பசை காய்ந்து வெள்ளையாக. நாங்கள் தொடவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 40-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சம்சு என்கிற மலிவுச் சாராயம் என்ன செய்யும் என்று தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுலா நடத்துகிறவருக்கு 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும். எண்ணைக் கேளுங்கள், சுற்றுலா அமைச்சில் சரிபாருங்கள். இவரிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வாட்சப் செய்திகளையும் வங்கிச் சீட்டையும் அழிக்காமல் வையுங்கள். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். மூன்று வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.