சிறகா, சிலிக்கானா, தடித்த ரப்பரா: எம்டிபி கிரிப்பில் எது யாருக்கு?

பெங்களூருவில் எம்டிபி (மவுண்டன் பைக்) வாங்கும் நம் ஆட்களில் பலர் அதைக் காட்டுப் பாதையில் ஓட்டுவதைவிட அவுட்டர் ரிங் ரோட்டில்தான் அதிகம் ஓட்டுகிறார்கள். வாரநாளில் மடிவாளாவிலிருந்தோ கே.ஆர். புரத்திலிருந்தோ ஆபீஸ், ஞாயிறு காலை நந்தி மலை, எப்போதாவது துரஹள்ளிப் பக்கத்துப் பாறைப் பாதை. சைக்கிள் ஒன்றுதான், ஓட்டம் மூன்று விதம். கை மரத்துப்போகிறது என்று கேட்பவரிடம் இதையெல்லாம் விசாரிக்காமல் "இந்த கிரிப்பை வாங்குங்க அண்ணா, சூப்பரா இருக்கும்" என்று ஹேண்டில்பார் முனையில் மாட்டும் கைப்பிடி உறை ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். பணம் போகிறது, வலி அப்படியே இருக்கிறது.

நான் முதலில் கேட்பது எந்த விரல் மரத்துப்போகிறது என்பதைத்தான்.

சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிரவிரல் பாதியும் என்றால், நசுங்குவது அல்நார் நரம்பு. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம், கியோன் குழாய் என்கிற குறுகலான வழியில் அது உள்ளங்கைக்குள் நுழைகிறது. உடம்பின் எடையை அந்த இடத்தில் சாய்த்தபடி மணிக்கணக்கில் மிதித்தால் நரம்பு தாங்காது. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அடிக்கடி வருவதால் மருத்துவர்களே இதை ஹேண்டில்பார் பால்ஸி என்று அழைக்கிறார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் அது மீடியன் நரம்பு. மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்தே இருப்பது அதற்கு முக்கியக் காரணம். விரல் மரக்காமல் உள்ளங்கை மட்டும் எரிகிறது, முன்னங்கை கல் மாதிரி இறுகுகிறது என்றால் அதிர்வையும் இறுக்கிப் பிடிப்பதையும் சந்தேகப்பட வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலில் சிறகு வைத்த கிரிப். இதில் பலரும் அறிந்தது ஜெர்மனியின் எர்கான் ஜிபி1. கிரிப்பின் வெளி முனை தட்டையாக அகன்று, உள்ளங்கையின் வெளிப்பகுதிக்கு ஒரு மேடை மாதிரி நிற்கும். உருண்டைக் குழாயில் ஒரு கோட்டில் விழுந்த எடை இங்கே அகலமான பரப்பில் பரவிவிடும். சுண்டுவிரல் மரத்துப்போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். உட்கார்ந்தபடி நீண்ட நேரம் ஓட்டுகிற ஓட்டத்துக்கு இதற்கு இணை எதுவும் எனக்குத் தெரியாது. கிரிப்பை ஹேண்டில்பாரோடு இறுக்குகிற கிளாம்ப் உள்பக்கம் மட்டும் இருப்பதால் வெளி விளிம்பில் இரும்பு வளையம் குத்துவதும் இல்லை.

ஆனால் சிறகின் கோணம் சரியாக அமைய வேண்டும். சிறகு மேலே தூக்கி நின்றால் மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கும், அப்போது மீடியன் நரம்புக்குப் புது வலியை நாமே உண்டாக்குகிறோம். கீழே சாய்ந்திருந்தால் தாங்க வேண்டிய இடத்தைத் தாங்காது. சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கையை வைத்துப் பாருங்கள். முன்னங்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் வருகிற இடத்தில் ஆலன் கீயால் லேசாக முறுக்கி, பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு இம்மி இம்மியாகத் திருப்பிப் பார்ப்பதுதான் முறை. ஜிபி1 வாங்கிவிட்டு "எனக்கு ஒத்துவரல" என்பவர்களின் சைக்கிளைப் பார்த்தால், பாதிப் பிரச்சினை இந்தக் கோணத்தில் இருக்கும்.

இதே சிறகு காட்டுப் பாதையில் இடைஞ்சல். பாறையில் இறங்கும்போது நாம் சீட்டை விட்டு எழுந்து, முழங்கையை வெளியே விரித்து, உடம்பை முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். மணிக்கட்டின் கோணம் நொடிக்கு நொடி மாறும். சிறகோ ஒரே ஒரு கோணத்துக்காகச் செய்யப்பட்டது; மற்ற கோணங்களில் அதன் விளிம்பு உள்ளங்கையில் அழுத்தும். ஆவலஹள்ளி, துரஹள்ளி மாதிரி இடங்களுக்கென்றே சைக்கிள் வைத்திருப்பவருக்குப் பெரிய சிறகு வேண்டாம்.

அப்புறம் சிலிக்கான். இஎஸ்ஐ நிறுவனத்தின் கிரிப்கள் இதில் புகழ்பெற்றவை. ரேசர்ஸ் எட்ஜ் 30 மி.மீ., சங்கி 32, எக்ஸ்ட்ரா சங்கி 34 என்று தடிமன் ஏறும். சங்கி ஒரு ஜோடியின் எடை 60 கிராம் அளவுதான். கிளாம்ப் போட்டு இறுக்குகிற சாதாரண லாக்-ஆன் கிரிப்பில் ரப்பருக்கு அடியில் ஒரு கடினமான பிளாஸ்டிக் குழல் இருக்கும். அந்தத் தடிமன் மெத்தென்ற பகுதியிலிருந்துதான் கழிகிறது. ஹேண்டில்பாரின் விட்டம் 22.2 மி.மீ. 32 மி.மீ. கிரிப்பில் சுற்றிலும் கிட்டத்தட்ட 5 மி.மீ. சிலிக்கான் முழுதாக நம் கைக்குக் கிடைக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டிலும், நகரத்தின் ஒவ்வொரு தெருவிலும் போட்டு வைத்திருக்கிற ஹம்ப்களிலும் வருகிற சின்னச் சின்ன அதிர்வை இது உறிஞ்சுகிற விதம் வேறு எதிலும் கிடைக்காது. ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

குறைகளும் உண்டு. இது உருண்டை, சுண்டுவிரல் பக்க நரம்புக்குத் தனியாக எந்தத் தாங்கலும் தராது. மழையிலும் சேற்றிலும் பிடிமானம் குறையும். சுவரில் உரசினாலும் சைக்கிள் கீழே விழுந்தாலும் முனை கிழியும். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் நெருக்கிப்போட்டு நிறுத்துபவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். கிளாம்ப் இல்லை என்பதால் மாட்டுவதிலும் பக்குவம் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை உள்ளே விட்டுத் தள்ளினால் சுலபமாக ஏறும், பிறகு அது ஆவியாகி கிரிப் இறுகிக்கொள்ளும். எண்ணெயோ சோப்போ போட்டு மாட்டினால் இறங்கும்போது கையோடு கிரிப்பும் சுழலும். முனையில் அடைப்பான் போட மறக்கவே கூடாது. திறந்த குழாய் முனை விழுகிறவரின் உடம்பைக் கிழித்துவிடும்.

மூன்றாவது, தடித்த லாக்-ஆன் ரப்பர். ஓடிஐ ரோக், டிஎம்ஆர் டெத்கிரிப்பின் தடித்த வகை இரண்டும் இதில் சேரும். ரோக்கில் பெரிய பெரிய ரப்பர் கட்டங்கள் எழும்பி நிற்கும், பெரிய கைக்கு நன்றாக நிறையும். டெத்கிரிப் மெல்லியது, தடித்தது என இரண்டு அளவில் வருகிறது. அதற்கு ஒரே கிளாம்ப், அதுவும் உள்பக்கம். ஈரக் கையிலும் வழுக்காது, சுழலாது, கழற்றி மாட்ட ஒரு நிமிஷம் போதும். ட்ரெயில், அதாவது காட்டுப் பாதை ஓட்டுபவருக்கு நம்பிக்கை தருவது இந்த வகைதான். அதிர்வைக் குறைப்பதில் சிலிக்கானுக்கு ஒரு படி கீழே, எடையைப் பரப்புவதில் சிறகுக்கு இரண்டு படி கீழே. இந்த வகையில் எதை வாங்கினாலும் வெளி முனையில் கிளாம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உள்ளங்கையின் வெளி விளிம்பு அந்த உலோக வளையத்தின் மேல்தான் உட்காரும். அல்நார் நரம்பு ஏற்கெனவே தொந்தரவு தருகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

சிறகுக்கும் உருண்டைக்கும் நடுவே எர்கான் ஜிஏ3 இருக்கிறது: சின்னதாக ஒரு சிறகு, மற்றபடி ட்ரெயில் கிரிப். வாரநாளில் ஆபீஸும் வாரக்கடைசியில் மண் பாதையும் ஒரே சைக்கிளில் என்கிறவருக்கு என் தேர்வு இது. ஜிபி1 அளவுக்குத் தாங்காது, ஆனால் எழுந்து நிற்கும்போது தொந்தரவும் பண்ணாது.

சைக்கிள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்பான்ஜ் கிரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வாரம் சுகமாக இருக்கும். பிறகு வியர்வையும் மழைத் தண்ணீரும் குடித்து, அமுங்கி, சுழல ஆரம்பிக்கும்.

பார்-எண்ட், அதாவது முனையில் முன்னோக்கி நீளும் கொம்பு வைத்தவற்றை மட்டும் நந்திக்காரர்கள் கவனிக்க வேண்டும். எர்கானில் ஜிபி2 முதல் ஜிபி5 வரை, எண் ஏற ஏறக் கொம்பும் நீளும். நந்தி மலை 1,478 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஏறும்போது கையை ஒரே இடத்தில் வைத்திருப்பதுதான் பெரிய கொடுமை. கொம்பு இருந்தால் கையை மாற்றி வைக்கலாம், மணிக்கட்டு திரும்பும், நரம்புக்கு ஓய்வு கிடைக்கும். இறங்கும்போது கை பிரேக்கின் மேலேயே இருக்கப்போவதால் கொம்பால் அப்போது பயனில்லை. நெரிசலில் பைக்குகளுக்கு நடுவே புகுந்து போகிறவருக்கு அந்தக் கொம்பு எதிலாவது மாட்டும் ஆபத்தும் இருக்கிறது.

மணிக்கட்டு வலிக்கு மட்டும் எந்த கிரிப்பையும் வாங்குவதற்கு முன் பைசா செலவில்லாத வேலைகளைச் செய்துவிடுங்கள். பிரேக் லீவர் தரையைப் பார்த்தபடி செங்குத்தாகவோ, வானத்தைப் பார்த்தபடியோ இருந்தால் மணிக்கட்டு மடிந்தே ஆக வேண்டும். ஓட்டுகிற நிலையில் முன்னங்கையிலிருந்து விரல் நுனி வரை நேர்கோடு வரும்படி லீவரைத் திருப்புங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னே சரிந்து எடை முழுவதும் கைக்கு வரும்; அதைச் சமமாக்குங்கள். டயரில் காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள். இவ்வளவும் செய்த பிறகும் மணிக்கட்டு பக்கவாட்டில் ஒடிந்து நிற்கிறது என்றால், குற்றவாளி ஹேண்டில்பாரே. வழக்கமான எம்டிபி பார் 7 முதல் 9 டிகிரி வரை பின்னோக்கி வளைந்திருக்கும். எஸ்க்யூலேப் 30எக்ஸ் போன்றவை 12, 16 டிகிரியில் கிடைக்கின்றன. 780 மி.மீ. அகல பார் குறுகிய தோள் உள்ளவருக்கு அதிகம் என்றால் இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொள்ளலாம். அறுத்ததை ஒட்ட முடியாது, அதனால் முதலில் கிரிப்பையும் லீவரையும் உள்ளே தள்ளி வைத்துச் சில நாள் ஓட்டிப் பாருங்கள்.

சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் நாள்கணக்கில் மரத்துப்போயே இருந்தாலோ, சட்டைப் பொத்தான் போட முடியாதபடி விரலில் பலம் குறைந்தாலோ, கிரிப் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அல்நார் நரம்பு விரலை அசைக்கும் தசைகளுக்கும் போகிறது. மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவது நல்லதில்லை.

வாங்கும்போது அளவு. தடிமனாக இருந்தால் சுகம் என்று நினைத்துச் சின்னக் கைக்காரர்கள் எக்ஸ்ட்ரா சங்கியை வாங்கினால், விரல் முழுதாகச் சுற்றாது, விடாமல் இறுக்க வேண்டிவரும், முன்னங்கை சீக்கிரம் சோர்ந்துவிடும். பிடிக்கும்போது நடுவிரல் நுனி கட்டைவிரலின் அடிமேட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் அளவு சரி. ஜிபி1, ஜிஏ3 இரண்டும் சிறியது, பெரியது என இரண்டு அளவில் வருகின்றன. வழக்கமாக ஓட்டுகிற கையுறையோடு பிடித்துப் பார்த்து எடுங்கள். கியர் மாற்றும் வளையம் கிரிப்போடு சேர்ந்து திருகுகிற வகை என்றால், அந்தப் பக்கத்துக்கு நீளம் குறைந்த கிரிப் தேவைப்படும் என்பதையும் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.