கம்பியா, தகடா, குத்தகையா: சேர்வராயன் அடிவாரத்தில் ஒரு கிணற்றுக் கணக்கு

சேர்வராயன் அடிவாரத்தில், ஓமலூர் தாண்டி, பெரியப்பாவுக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது. மூன்றில் மரவள்ளி, ஓரமாகக் கொஞ்சம் குண்டுமல்லி, மீதி கல்லும் கிளுவையுமாகக் கிடக்கும் கரடு. எண்பதடிக் கிணற்றில் ஒரு டீசல் இன்ஜின். அவர் தண்ணீர் பாய்ச்சுகிறாரா இல்லையா என்பது புகையைப் பார்த்தே ஊருக்குத் தெரிந்துவிடும். இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்து வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்.

போன மாசியில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் அவரைத் தேடி வந்தார்கள். ஒருவர் சோலார் பம்பு விற்பவர். இன்னொருவர் சோலார் பிளாண்டுக்கு நிலம் பிடிக்கும் தரகர். இருபத்தைந்து வருடக் குத்தகை என்றார். "படிச்சவன்தானே நீ, எது கட்டும்னு சொல்லு கண்ணு" என்று பெரியப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் கம்பி, அதாவது மின்வாரியத்தின் இணைப்பு. பணத்தை மட்டும் பார்த்தால் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 1990லிருந்து எல்லா விவசாயிக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். 5 எச்.பி. மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 22 யூனிட். நாம் கட்டுவது பூஜ்யம்.

ஆனால் பூஜ்யம் என்றால் கை தாராளமாகிவிடுகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுப் படுக்கப் போவார். நடுச்சாமத்தில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் போனால் வரப்பு உடைந்து, வண்டித்தடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கிணறு வற்றினால் போர் (ஆழ்துளைக் கிணறு), போர் வற்றினால் இன்னும் ஆழமான போர். சேலத்தில் அடியில் இருப்பது கடும்பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் நிற்கும். ஆயிரம் அடி இறக்கியும் புழுதி மட்டும் வந்த போர்கள் ஊருக்கு நாலு இருக்கும். இதற்குக் கடிவாளம் போடவென்று 2003இல் மாநில அரசு நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலே கிடந்து, 2013இல் ரத்தானது.

அடுத்து தகடு, அதாவது சோலார் பம்பு. இதற்கு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம் குசும் திட்டம் 2019இல் வந்தது. நம் ஊரில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகக் கிடைக்கிறது. 60 சதவீதம் மானியம், ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்கு 70. மத்திய மானியக் கணக்கு 7.5 எச்.பி.யோடு நிற்கும்; அதற்கு மேல் போட்டால் கூடுதல் செலவு நம் தலையில். பகலில் மட்டும் ஓடும் என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் இதன் பெரிய குணம். ராத்திரி யாரும் டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து காட்டுக்குப் போக வேண்டாம், மடை மாற்றுகிறவன் கண் முன்னால் தண்ணீர் போகும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. 5 எச்.பி.க்குப் போடும் தகடு 4.8 கிலோவாட். கிலோவாட்டுக்கு நாளுக்கு நான்கு யூனிட் என்று வைத்தால் வருடத்துக்கு ஏழாயிரம் யூனிட். மரவள்ளிக்கு வருடம் முழுக்கவா தண்ணீர் கட்டுகிறோம்? பாதி நாள் தகடு சும்மா வெயில் காயும். சும்மா காய்கிறதே என்று மோட்டாரை ஓட்டினால், பக்கத்துக் காட்டுக்காரர் கதை பகலில் நடக்கும், அவ்வளவுதான். வெயிலுக்கும் பில் கிடையாது பாருங்கள். திட்டம் போட்டவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்ட பகுதிகளில் புதிதாகச் சோலார் பம்பு கிடையாது. இருக்கும் டீசல் இன்ஜினை மாற்றலாம், அதுவும் சொட்டுநீரோ தெளிப்போ போட்டிருந்தால். அப்படி உறிஞ்சிவிட்ட பகுதிகளின் பட்டியல் சேலம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு இங்கே முழு மானியம் உண்டு என்பதால், இந்த நிபந்தனையை நான் தண்டனையாகப் பார்க்கவில்லை.

ஏற்கெனவே கம்பி இருப்பவர்களுக்கு இதே திட்டத்தில் இன்னொரு கிளை இருக்கிறது: தகட்டைப் போட்டு, மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்பது. மோட்டாரை நிறுத்தினால் காசு வரும் என்கிற ஒரே ஏற்பாடு இதுதான். யூனிட்டுக்கு நல்ல விலை கொடுத்தால் தண்ணீர் தானாக மிஞ்சும். நாலணா கொடுத்தால் யார் நிறுத்துவார்கள்?

குத்தகை. ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும், வருடத்துக்குச் சுமார் 14 லட்சம் யூனிட் வரும். கிணற்றுக்கு முழு ஓய்வு. தரகர் சொன்ன பணமும் மரவள்ளி விலை விழுந்த வருடத்து வருமானத்தை விட மேல்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவர் முதலில் கை நீட்டியது கரட்டை. அது தரிசுதானே என்றார். தரிசா அது? ஊரின் பாதி ஆடுகள் அங்கேதான் மேய்கின்றன. மழைத்தண்ணீர் வேகம் குறைந்து மண்ணுக்குள் இறங்குவதும் அங்கேதான். சோலார் பிளாண்டுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை என்பது விதி, அதனால் கரட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க யாரும் வரப்போவதில்லை. விளைநிலத்தில் தகட்டை உயரமாகத் தூக்கி நிறுத்திக் கீழே பயிர் வைக்கவும் குசும் இடம் கொடுக்கிறது. அதைக் கேட்டபோது தரகர் பேச்சை மாற்றிவிட்டார்.

மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேலம் வட்டாரச் சேகோ ஆலைகள் பலவற்றில், முன்பு குட்டையில் நாறிக்கொண்டிருந்த கழிவுநீரிலிருந்து இப்போது எரிவாயு எடுக்கிறார்கள். கிழங்குக் காடுகளெல்லாம் தகட்டுக் காடுகளானால் அந்த எரிவாயுவும் கிடையாது.

மலைமேல் இந்தப் போட்டியே இல்லை. 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபி வைத்த காலத்திலிருந்து அங்கே பிழைப்பு நிழலில்தான். தகட்டுக்காக மரத்தை வெட்டினால் காபியும் போகும், ஓடையில் எங்களுக்கு இறங்கி வரும் தண்ணீரும் போகும்.

இணைப்பு ஏற்கெனவே இருந்திருந்தால் தகட்டைத் தொட வேண்டாம் என்றுதான் பெரியப்பாவிடம் சொல்லியிருப்பேன். அவரிடம் இருப்பது டீசல் இன்ஜின், அதனால் சோலார், கூடவே சொட்டுநீர் என்றேன். மனு எழுதி முடித்து, கையெழுத்துப் போடும்போது மெதுவாகக் கேட்டார்: "கரண்டு செலவுதான் இல்லையே, ஒரு போர் போட்டுக்கலாமா?" பெரியம்மா அடுப்படியிலிருந்தே, "அந்தப் பேனாவைக் கீழே வைங்க" என்றாள்.