எச்சிலின் காவலும் ஈறின் காவலும்

வாயில் ஏறத்தாழ 700 வகை பாக்டீரியாக்கள் வாழக்கூடும் என்கிறார்கள். அவற்றை அளவோடு வைத்திருக்க எச்சில் ஒரு வழியைப் பிடிக்கிறது, ஈறு இன்னொரு வழியை.

எச்சில் கொல்வதைவிட வெளியேற்றுவதைத்தான் அதிகம் செய்கிறது. அதிலுள்ள ஐஜிஏ என்ற நோய் எதிர்ப்புப் புரதம் கிருமிகளைக் கொத்தாகக் கட்டிப்போடும். நாம் விழுங்கிவிடுவோம், மீதியை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். ஆனால் பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே அதே எச்சிலின் புரதங்கள் பல்மேல் படலமாகப் படிந்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இடம் தருகின்றன. துரத்துவதும் அதுவே, பாய் விரிப்பதும் அதுவே!

ஈறு அப்படியல்ல. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம். எச்சில் அங்கே சரியாக எட்டாது. ஆரோக்கியமான வாயிலும் கிருமிகளோடு போரிடும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து அங்கே ஓயாமல் வந்துகொண்டிருக்கும். பிறவிக் குறைபாட்டால் அவை வர முடியாத குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது.

சரி, இந்த வெள்ளணுப் படை அதிகமானால்? அதுவும் ஆபத்துதான். அழற்சி நீடித்தால் வெள்ளணுக்களின் நொதிகளே நம் திசுவைச் சிதைக்கும். சிதைந்த திசுவின் புரதத்தைத் தின்று போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா பெருகும். துலக்கும்போது நுரையில் தெரியும் இளஞ்சிவப்புக் கோடு அழற்சியால் ஈறில் கசியும் ரத்தமாக இருக்கலாம்; அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

எச்சில் வற்றினால் வருவது வேறு: சொத்தையும் பூஞ்சையும். பல் ஆடுவதற்குப் பெரும்பாலும் ஈறுப் பள்ளத்தைத்தான் பார்க்க வேண்டும்.